எப்படி சார் இருந்துச்சு?

ஆடி மாதத்திலிருந்து எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் மைக் நிற்கிறது. முன்பெல்லாம் தியேட்டர் வாசலில் மட்டும்தான் நிற்கும். முதல் காட்சி முடிந்து வருகிறவர்களை மறித்து, படம் எப்படி என்று கேட்கும். இப்போது எல்லா வாசலுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட் வருகிறது, தண்ணீர் கேன் வருகிறது, மைக்கும் வருகிறது. யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் மைக்கைப் பிடித்திருப்பவர் ஐம்பது வயதுப் பெண்மணி. காட்டன் புடவை, தோளில் சாப்பாட்டுப் பை. மரியாதையானவர். நான் எதிலிருந்து வெளியே வந்தாலும் கேட்பார்.

“வீடு எப்படி சார் இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு மேடம். காபி மட்டும் கொஞ்சம் தண்ணி.”

“ஃபேமிலியோட பாக்கலாமா சார்?”

“ஃபேமிலிதான் மேடம் உள்ள இருக்கு.”

ஆபீஸ் வாசலிலும் அவர்தான். பஸ் ஏறும்போது அவரை இங்கே விட்டுவிட்டுப் போவேன். இறங்கும்போது அங்கே நிற்பார். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். “ஷேர் ஆட்டோ சார்” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஓட்டலில் மெனு கார்டைப் பிடுங்கிக்கொண்டு, மேஜையில் ஒட்டியிருக்கிற கட்டத்துக்கு போனைக் காட்டச் சொல்வது அநியாயம். தாலி கட்டுகிற நேரத்தில் கேமராக்காரர்கள் முதுகைத்தான் ஊரே பார்க்கிறது. ஐந்து நிமிட விஷயத்துக்கு ஒரு மணி நேரம் மீட்டிங் போடுகிறவன் வீட்டில் யாரும் அவனிடம் பேசுவதில்லை என்று அர்த்தம். நல்ல பழைய பாட்டின் மேல் தகரத்தைத் தட்டிவிட்டுப் புதுப் பாட்டு என்கிறார்கள்.

இதையெல்லாம் இத்தனை வருடமாகத் தமயந்தியிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தமயந்தி என் மனைவி. டிவி பார்த்துக்கொண்டே கேட்பாள். டிவியைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

முதலில் போனது சலூன்.

“முடி வெட்ட உக்காந்தா, மூஞ்சிக்கு என்ன பூசலாம்னு கேக்கறாங்க மேடம். சரியான மொக்கை.”

மறுநாள் சலூன் இல்லை. அந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவரில் இன்னொரு சலூனின் போஸ்டர், ‘விரைவில்’ என்று. பசை காயவில்லை.

அடுத்தது பஸ் ஸ்டாப் ஜூஸ் கடை. தண்ணீர்தான் ஊற்றுகிறார். ஆனாலும் பாவம், நல்ல மனுஷன். மோசமாகச் சொல்ல மனம் வரவில்லை.

“ஒரு தடவை பாக்கலாம் மேடம்” என்றேன். யார் மனமும் நோகாமல் சொல்ல நம் ஆட்களிடம் இருக்கிற வார்த்தை அதுதான்.

மறுநாள் கடை இருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைக்காரர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று முகத்தைத் திருப்பினேன். ஏதோ தோன்றி மறுபடி பார்த்தேன். சுவர் இருந்தது.

கண்டக்டர் என் தோளைத் தட்டினார். “அதான் ஒரு தடவை பாத்துட்டீங்கல்ல? டிக்கெட் எடுங்க சார்.”

அன்று மாலை தமயந்தியிடம், பாட்டுப் போட்டியில் நடுவர்கள் ஏன் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள் என்பது பற்றி நெடுநேரம் பேசினேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இனி எல்லாவற்றையும் புகழ்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் மேனேஜர் பெயர் ஸ்டீபன் ஞானராஜ். அவரைப் பற்றி மைக் கேட்டபோது, “சூப்பர் மேடம், பட்டையைக் கிளப்பறாரு” என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே ஸ்பெஷல் ஷோ போட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் அவர் அதே டையைக் கட்டிக்கொண்டு, அதே மீட்டிங்கை நடத்தி, அதே இடத்தில் சிரித்தார். கடைசிக் காட்சியில் உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

வைகுந்தன் விஷயம்தான் என்னை மிகவும் வருத்தியது. அவர் பக்கத்து சீட்டுக்காரர். தினமும் என்னோடுதான் சாப்பிடுவார். ஒருநாள் சாப்பிட்டு வெளியே வந்ததும் மைக் நீண்டது. வாய் சும்மா இருக்கவில்லை.

“வைகுந்தன் ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே மேடம். செகண்ட் ஹாஃப் லேக். மாமனார் வீடு கட்டின கதைய இழு இழுன்னு இழுத்துட்டாரு.”

மறுநாள் வைகுந்தன் வந்தார். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனவர், நிறுத்தி, மூடினார்.

“இதுக்கு மேல நான் இல்ல சார். ட்ரிம் பண்ணிட்டாங்க.”

“அப்ப சாயங்காலம்?”

“கிடையாது. பசங்க ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் இருக்க மாட்டேன்.” டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். “நீங்க சொன்னது கரெக்ட்தான் சார். இழுவைதான்.”

அதோடு அவர் முடிந்துவிட்டார். நாற்காலி லேசாகச் சுற்றி நின்றது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

வாயைத் திறக்காமல் போய்விடலாம் என்றும் பார்த்தேன். ஆபீஸ் காரிடார் நீண்டுகொண்டே போனது. வாசல் தெரிந்தது, ஆனால் வரவில்லை. வழியில் தண்ணீர் குடிக்கிற இடங்கள் இருந்தன. அங்கே என்னைப் போல வாயை மூடிக்கொண்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குத் தாடி வளர்ந்திருந்தது. “லைட்டிங் நல்லா இருக்கு” என்று கத்தினேன். வாசல் வந்துவிட்டது.

மைக் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நாளைக்குக் காலைல உங்க வீட்டம்மாகிட்ட கேக்கப் போறோம் சார்.”

“எதப் பத்தி?”

“உங்களப் பத்திதான். பதினாலு வருஷம் ஓடியிருக்கீங்களே.”

வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். பாட்டுப் போட்டியில் நடுவர் அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தமயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உடம்பு சரியில்லையா?”

“நாளைக்கு மைக்ல என்னப் பத்திக் கேப்பாங்களாம்.”

“அதுக்கு?”

“நல்லபடியா சொல்லு.”

“சூப்பர்னு சொல்ல முடியாதுங்க. எங்க ஆபீஸ் கோமதி அவ மாமியார அப்படித்தான் சொல்லித் தொலச்சா. தினமும் அஞ்சு ஷோ. பாவம், அந்தம்மாவால உக்காரவே முடியல.” ரிமோட்டைக் கீழே வைத்தாள். “கவலப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி பாத்துச் சொல்றேன்.”

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் பால்கனியில் நின்றேன். கேட்டைத் தாண்டியதும் நின்று, மேலே பார்த்து, எனக்குக் கையாட்டிவிட்டுப் போவது அவள் வழக்கம். பதினாலு வருடமாக அதைப் பற்றி மட்டும் எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை.

மைக் அவளை மறித்தது.

“உங்க வீட்டுக்காரர் எப்படி மேடம்?”

தமயந்தி யோசித்தாள். யாரும் நோகக் கூடாது என்று யோசிக்கிறபோது அவள் நெற்றி சுருங்கும். இரண்டாவது மாடியிலிருந்தே அது தெரிந்தது.

“ஒரு தடவை பாக்கலாம்” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்னைக் காப்பாற்றிவிட்ட சிரிப்பு.

ஜூஸ் கடையைப் பற்றி அவளிடம் சொன்னேனா என்று யோசித்தேன். நடுவர்கள் அழுவதைச் சொன்னேன். தகரப் பாட்டைச் சொன்னேன். மெனு கார்டைச் சொன்னேன். ஜூஸ் கடையைச் சொல்லவில்லை.

அவள் கேட்டைத் தாண்டி நின்றாள். கையைத் தூக்கினாள்.

காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் பாய்ந்து குந்திக்கொண்டேன். “பாக்காத! தமயந்தி, மேல பாக்காத!”

“ஏங்க?”

போர்வைக்குப் பின்னாலிருந்தே ஜூஸ் கடையைக் கத்திச் சொன்னேன். சாத்துக்குடி, ஜன்னல், சுவர், கண்டக்டர். தெருவே கேட்டது.

பிறகு அவள் மாடி ஏறி வந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வந்தாள். உள்ளே வந்ததும் துப்பட்டாவால் கண்ணைக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டாள். நான் முடிச்சைச் சரிபார்த்தேன்.

“எல்லாத்தயும் சொல்வீங்களே. இத மட்டும் ஏங்க சொல்லல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுவர்களைப் போல அழுதேன்.

“அழாதீங்க. பேசுங்க” என்றாள். “பேசிட்டே இருங்க. அப்பத்தான் நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். நானும் அவளும் வேலைக்குப் போவதில்லை. தடவித் தடவிச் சமைக்கிறாள். டிவியை அணைத்துவிட்டாள். இப்போது என்னைத்தான் கேட்கிறாள். லிஃப்டில் எதற்குக் கண்ணாடி என்று சொல்கிறேன். காபியைக் கண்ணாடி ஜாடியில் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று சொல்கிறேன். சில நேரம் சிரிக்கிறாள். முன்பு அவள் இதற்கெல்லாம் சிரித்து நான் பார்த்ததில்லை.

மைக் அம்மாள் தினமும் கதவைத் தட்டுகிறார்.

“பாத்துட்டாங்களா சார்?”

“இன்னும் இல்ல மேடம்.”

“அவசரமில்ல சார். பசைதான் கெட்டியாகுது.”

போஸ்டர் ஒட்டுகிறவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பசை வாளி. ஒரு குச்சியால் அதைக் கிண்டிக்கொண்டே இருக்கிறார். சுருட்டி வைத்திருக்கிற போஸ்டரின் ஓரத்தில் ஒரு மீசை தெரிகிறது. என் மீசை அல்ல.

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அரிசியைப் பற்றிச் சொன்னேன். அரிசி விளம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். விளம்பரத்தில் வருகிற மருமகள் ஏன் எப்போதும் சிரிக்கிறாள் என்று சொன்னேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. தேடினேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பற்றி நேற்றே சொல்லிவிட்டேன். சீலிங்கைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

படியில் குச்சி வாளியில் இடிக்கிற சத்தம் நின்றது.

“என்னங்க?” என்றாள் தமயந்தி.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

“என்னங்க, இருக்கீங்களா?”

அவள் கை முடிச்சுக்குப் போனது.