யாஃபா துறையும் பாடன் மண்டபமும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பவதாரணியைப் புகழத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். புகழ்ச்சி கதைக்கு ஆகாது என்று தெரியும். என்ன செய்ய, அந்தப் பிள்ளை பேசியதை நேரில் கேட்டுவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘சரிந்துகொண்டிருந்த ஒஸ்மானியப் பேரரசின் சுல்தான் ஜன்னலருகே நின்று—’

(விட்டுவிட்டேன். அவர் எங்கே நின்றார் என்று எனக்கென்ன தெரியும்?)

இரண்டாவது தொடக்கம்: 2009 ஒக்டோபர், சுவிஸில் பாடன் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபம். ஊரில் யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்க முடியாத காலம். இங்கேயே பிறந்து வரலாறு படிக்கும் பவதாரணி, அந்தப் பேரரசு யூதக் குடியேற்றத்தை எப்படிக் கையாண்டது என்று பேச வந்திருந்தாள்.

இது பரவாயில்லை.

2

கூப்பிட்டவர் சங்கச் செயலாளர் குலேந்திரன், அவளுடைய அப்பா. நாடில்லாத சனம் நாடு கண்ட கதையை மகள் சொன்னால் எல்லோருக்கும் தெம்பு வரும் என்று வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்திருந்தார். காரில் வரும்போது நான் பின்னால் இருந்தேன்.

“நல்லதை மட்டும் சொல்லு பிள்ளை. சனம் உடைஞ்சுபோய் இருக்கு.”

அவள் மடியிலிருந்த குறிப்புகளைப் புரட்டினாள்.

(இங்கே குலேந்திரனை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. நல்ல மனிதர்.)

3

ரஷ்யாவில் அடிபட்டு ஓடிவந்த யூதர்களைப் பேரரசு ஒரேயடியாக விரட்டவில்லை என்றாள். குடிமக்களாகி எங்கும் இருக்கலாம்; ஆனால் திரளாக அல்ல, சிதறலாக. பாலஸ்தீனத்தில் மட்டும் கூடாது. உள்ளே இன்னொரு தேசியப் பிரச்சினை முளைத்துவிடும் என்ற பயம்.

‘சிதறலாக’ என்றதும் மண்டபம் சிரித்தது. அண்ணனை ஒரு மாநிலத்துக்கும் தம்பியை வேறொன்றுக்கும் அனுப்பிய சுவிஸ் அகதிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

பாலஸ்தீனத்தின் யாஃபா துறையில், யாத்திரை என்று வந்திறங்கிய யூதர்களின் கடவுச்சீட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் தங்கச் சிவப்புத் துண்டுச்சீட்டு கொடுத்ததைச் சொன்னாள். பலர் திரும்பிப் போகவேயில்லை என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு, நிலம் அவர்களுக்குக் கைமாறியபோது அதை உழுதுகொண்டிருந்த அரபு விவசாயிகளின் பயத்தையும் சொன்னாள். சிரிப்பு நின்றது.

குலேந்திரன் எழுந்தார். இதில் எங்களுக்கு என்ன பாடம் என்று கேட்டார்.

“பாடம் ஒண்டும் இல்லை அப்பா. கப்பலில வந்தவையும் பயந்துதான் வந்தவை. கரையில நிண்டவையும் பயந்துதான் நிண்டவை. அகதியா வந்து இறங்கினதும் நீங்கள்தான். ஊரில எங்கட காணியில அரசாங்கம் வேற ஆக்களைக் கொண்டுவந்து இருத்தினதைப் பார்த்ததும் நீங்கள்தான்.”

எனக்கு மெய் சிலிர்த்தது. அவள் வயதில் எனக்கு இந்தத் துணிவு இருந்திருந்தால்—

(கதை என்னைப் பற்றியதல்ல.)

4

முதல் பிரதியில் மண்டபம் கைதட்டியது. பொய். எங்கள் மண்டபங்கள் தேநீர் அறிவிப்புக்குத்தான் கைதட்டும். அடுத்ததில் அப்பா மகளைக் கட்டியணைத்தார். அதுவும் பொய், நாலு பேர் பார்க்க அப்படிச் செய்கிற ஆள் இல்லை அவர்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவளே பாடம் சொல்ல மறுத்த பிறகு, நான் முடிவு சொல்வது அழகல்ல.

குலேந்திரன் வரிசையின் நடுவில் நிற்கிறார். மகள் மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்க்கிறாள். மேடைக்குப் போவதானாலும் வாசலுக்குப் போவதானாலும் அவர் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வரிசையின் ஓர நாற்காலியில் இருப்பது, இதை வாசிக்கும் நீங்கள்.

முதலில் காலை மடக்கி அவருக்கு வழிவிடுங்கள்.