முதல் பூச்சு

குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில், மைத்துனன் வார்னிஷ் ஜாடிக்குள் ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பதை அவர் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. தேன் நிறத்தில் கெட்டியாக இருந்த வார்னிஷ் நாலு கலக்கில் வெளிறி இளகிப்போனது. பாதிக்குப் பாதி இருக்கும்.

இருபத்தாறு வருடமாகப் பால் சேகரிப்பு நிலையத்தில் அவருடைய வேலையே கலப்படத்தைக் கண்டுபிடிப்பதுதான். பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார். தண்ணீர் கலந்திருந்தால் கருவி கொஞ்சம் ஆழமாக மூழ்கும், கேன் வந்த வழியே திரும்பும். நிலையத்தில் அவருக்குப் பெயரே லாக்டோமீட்டர். மழை பெய்தால்கூட அதில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார் மாமா, என்று மைத்துனன் அவர் முகத்துக்கு நேரே கேலி செய்வான்.

கைகழுவும் தொட்டிக்கு அடியில் போட்ட மரப்பலகைக்கு எதைப் பூசுவது என்று ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைக்காரர் அரக்கு பாலிஷ் எடுத்துக் கொடுத்தார். ஈர டம்ளர் வைத்தாலே வெள்ளை வளையம் விழும் என்று மைத்துனன் அதை ஒதுக்கினான். எண்ணெய் என்றால் மரம் நன்றாகக் குடிக்கும், ஆனால் சில மாதத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும். இந்த வீட்டில் யார் தேய்ப்பது என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் படகுக்கு அடிக்கும் வார்னிஷ் முடிவானது. ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் படலமும் கூடவே நீண்டு சுருங்க வேண்டும். அந்த விளக்கம் அவருக்கும் பிடித்திருந்தது. டப்பாவின் மூடி முத்திரையைத் தடவிப் பார்த்து அவரே வாங்கிவந்தார்.

அந்தப் பலகையில்தான் மைத்துனனின் பிழைப்பு இருந்தது. இத்தனை நாள் அடுத்தவர் பட்டறையில் உளி பிடித்தவன். மகளிர் விடுதி நடத்தும் அம்மாள், பதினாறு குளியலறைக்கும் பலகை போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் போட்டதை மூன்று மாதம் கழித்து வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

மைத்துனன் சாப்பிடப் போன நேரத்தில் அவர் குளியலறைக்குள் நுழைந்தார். ஜாடியில் இருந்ததை நிலையத்தில் பால் பரிசோதனைக்கு எடுக்கும் குப்பி ஒன்றில் ஊற்றி மூடினார். டப்பாவிலிருந்து சுத்தமான வார்னிஷை அதே அளவுக்கு ஜாடியில் நிரப்பினார். கேட்டால் சண்டை வரும், மனைவி தம்பி பக்கம்தான் நிற்பாள். அதனால் கேட்கவில்லை. ஆனால் பழக்கதோஷம், குப்பியில் தேதி எழுதி, "கலப்படம்" என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பரணில் வைத்தார்.

"பிரஷ் இழுக்குது மாமா," என்றான் மைத்துனன், பூச ஆரம்பித்ததும். "தின்னர்ல கடைக்காரன் ஏதோ விளையாடிட்டான்."

"இருக்கும் மாப்ள. இந்தக் காலத்துல யாரை நம்புறது?" என்றார் அவர்.

மூன்றாவது மாதம் பலகை கொப்புளம் கட்டியது. விடுதி அம்மாள் வருவதாகச் சொன்ன அன்று, மைத்துனன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பலகையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். நகத்தால் ஓரத்தை நெம்பினான். ஆறிய பாலிலிருந்து ஆடை வருவதுபோல வார்னிஷ் முழுசாக உரிந்து வந்தது. அடியில் மரம் வெள்ளையாக, பூச்சே படாததுபோல இருந்தது.

"அக்கா வீட்டுலயே இப்படித்தான் வேலை பார்ப்பியாடா?" என்றாள் அவர் மனைவி.

அவன் உரிந்த படலத்தை வெளிச்சத்தில் பிடித்தான்.

"மரம் குடிக்கவே இல்ல மாமா. முதல் கோட்டு கெட்டியா இருந்தா மேலேயே ஆடை கட்டிடும், உள்ள இறங்காது. அதுக்குத்தானே பாதிக்குப் பாதி தின்னர் விட்டு இளக்கறது? மரத்துல நரம்பு நரம்பா ஓட்டை இருக்கு, இளகினாத்தான் அதுக்குள்ள போய்ப் பிடிக்கும். ரெண்டாவதுலேர்ந்துதான் கெட்டி." படலத்தைத் திருப்பிப் பார்த்தான். "நான் விட்டேன் மாமா. என் கையாலதான் விட்டேன். அந்தக் கடைக்காரனை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்கறேன்."

இளகினால்தான் உள்ளே போகும். இருபத்தாறு வருடத்தில் தண்ணீராக இளகியது எதுவும் நல்லதாக அவர் முன் வந்ததில்லை.

"கடைக்காரன் எதுவும்..." என்று ஆரம்பித்தார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பார்வை அவர் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

வாசல் மணி அடித்தது. மைத்துனன் உரிந்த படலத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

அவர் அறைக்குள் போய், நாற்காலியைப் போட்டு ஏறி, பரணில் கையை விட்டார். குப்பி தூசியோடு கையில் வந்தது. சாய்த்துப் பார்த்தார். வெளிறிய தேன் நிறம் கண்ணாடி ஓரமாக மளமளவென்று இறங்கியது. கூடத்தில் விடுதி அம்மாளின் செருப்புச் சத்தமும் மைத்துனனின் வரவேற்பும் கேட்டன.

"என்னங்க, எங்க போனீங்க?" என்றாள் மனைவி.

நாற்காலியிலிருந்து இறங்கினார். கட்டை விரலால் தூசியைத் துடைத்தார். தேதியும், அந்த ஒற்றைச் சொல்லும், அதன் கீழே அவர் கையெழுத்தும் புத்தம் புதிதாகத் தெரிந்தன.