பிழை நுழைந்த இடம்

ஆள் உயர மலர்வளையத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்ப ஹேசூ மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். மூன்றடுக்கு வெள்ளைச் செவ்வந்தி, அடியில் முக்காலி. கறுப்புத் துக்க உடையின் பாவாடை வேறு காலில் சிக்கியது. வளையத்திலிருந்து தொங்கிய நாடாவில் இறந்துபோன அவள் அண்ணன் ஜின்டேயின் பெயர் எங்கும் இல்லை. அனுப்பியவரின் பெயர் மட்டும் தேர்தல் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக இருந்தது: துணைத்தலைவர் பியோ சங்உன்.

"என்ன பண்ற ஹேசூ? பூக்கடைப் பையன் அனுப்பினவருக்குக் காட்ட ஃபோட்டோ எடுக்கணும்ல?" என்று உள்ளிருந்து அண்ணி இன்ஜா கேட்டாள்.

"எடுத்துட்டுப் போயிட்டான் அண்ணி. இனிமே இந்தப் பேரச் செவுரு படிச்சாப் போதும்."

சூவோன் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தத் துக்கக் கூடத்தில் இன்ஜாதான் வருபவர்களை எதிர்கொள்ளும் முதல் துக்கக்காரி. பிள்ளைகள் இல்லை. நேற்றுக் காலையில் நுரையீரல் கைவிட்டுப் போன கணவனின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அணையப்போகும் ஊதுபத்தியிலிருந்து அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஜின்டே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். உயிரோடு இருந்தவரை அதைக் கட்டச் சொன்னாலே கழுத்தை நெரிப்பதுபோல் முழிப்பார்.

"அவன் வருவான். சும்மா இருப்பியா?" என்றாள் இன்ஜா.

"வரட்டும்."

"நான் கேட்டது அது இல்ல. அந்தப் பேட்ச்சோ என்னவோ சொன்னியே, அத இங்க வச்சு அனுப்பாத. அவர எடுத்து முடியட்டும். எனக்கு அந்த வேலை ஒண்ணும் புரியாது. எழவு வீட்டுல சண்டை வேண்டாம், அவ்வளவுதான்."

அண்ணி கேட்டு ஹேசூ எதையும் மறுத்ததில்லை. சரி என்றாள். சொன்ன வாய் கசந்தது.

உலகத்தில் பாதிப் பேரின் கைப்பேசிக்குள்ளும் ஓடும் 'கர்னல்' என்ற மென்பொருளுக்கு அண்ணனும் தங்கையும் வேலை பார்த்தார்கள். இயங்குதளத்தின் அடித்தளம் அது. ஊரில் யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் எழுதிப் பொது அஞ்சல் குழுவுக்கு அனுப்பலாம். நன்றாக இருந்தால் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் எடுத்துக்கொள்வார். அந்தத் திருத்தத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர். அதற்குச் சம்பளம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் எழுதியவர் பெயர் மட்டும் பேட்ச்சின் தலையிலேயே நிற்கும், எடுத்துக்கொண்டபின் யாராலும் அழிக்க முடியாது. அந்த உலகத்தில் சொத்து என்றால் அதுதான்.

அந்தச் சொத்தைத்தான் பியோ தூக்கிக்கொண்டு போனான். அப்போது அவன் ஜின்டேயின் அலுவலகத்தில் இளையவன், அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தவன். திடீரென்று மின்சாரம் போனாலும் கோப்புகள் தொலையாமல் காக்கும் ஒரு பெரிய பேட்ச்சை ஜின்டே ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து எழுதி, கொஞ்சம் பார்த்துச் சொல்லு என்று அவனுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் அது அஞ்சல் குழுவில் வந்தது. பியோ அதில் மாற்றியது இரண்டே இடம்தான். எழுதியவர் பெயர் ஒன்று. 'இந்த இடம் இன்னும் சரியில்லை, மறுபடி பார்க்கணும்' என்று நடுவில் ஜின்டே தனக்காகக் குறித்து வைத்திருந்த வரி இன்னொன்று. அது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. புரியாததை அழித்துவிட்டான்.

அந்தப் பேட்ச்சின் தோளில் ஏறி அவன் அந்தப் பகுதிக்கே பொறுப்பாளன் ஆனான், பிறகு கம்பெனியில் துணைத்தலைவரும் ஆனான். சரியில்லாத இடமோ சரியில்லாமலேயே கிடந்தது. எப்போதாவது, யாருடைய கருவியிலாவது, மின்சாரம் போகிற நொடியில் ஒரு கோப்பு காணாமல் போகும். ஜின்டே அதைத் திருத்தி அனுப்பினார். பியோ மறுத்தான். மறுபடியும் அனுப்பினார். 'எங்களால் இந்தப் பிழையை வரவழைத்துப் பார்க்க முடியவில்லை, எடுக்க இயலாது' என்று உலகமே படிக்கும்படி பதில் போட்டான். ஜின்டே அதற்கப்புறம் எழுதவில்லை. அந்த மௌனத்துக்காகவே ஹேசூ பியோவை வெறுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் படுத்திருந்தபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மின்கலம் இல்லாத ஒரு சின்னச் சோதனைக் கணினியை வைத்துக்கொண்டு மின்சாரத்தைப் போட்டுப் போட்டு அணைத்தாள். நர்சுகள் திட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் கோப்பு காணாமல் போனது. எந்த நொடியில் அணைத்தால் போகும் என்று பிடிபட்டதும், வேண்டும்போதெல்லாம் போக வைக்க முடிந்தது. அண்ணன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அதைப் பார்த்துச் சிரித்தார். பழைய திருத்தத்தை எடுத்துவரச் சொல்லி, தன் கையொப்ப வரியைத் தானே தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் இளைப்பாற வேண்டியிருந்தது.

"நான் போனா அவன் வருவான்," என்றார். "பூ அனுப்புவான். உக்காந்து சாப்பிடுவான். அப்ப அனுப்பு."

"நீ தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லுது."

"ஊருக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

பியோ மாலையில், கூட நாலு பேரோடு வந்தான். படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினான். பிறகு துக்கக்காரர்களைப் பார்த்து ஒரு முறை. வழக்கப்படி இவர்களும் பதிலுக்கு விழ வேண்டும். ஹேசூ விழுந்தாள். அப்போது அவள் வாய்க்குள் சொன்னது தரைக்கு மட்டும்தான் கேட்டது.

எழும்போது பியோவின் கண் கலங்கியிருந்தது. நடிப்பாகவும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

தாழ்ந்த மேசையில் மாட்டிறைச்சிக் காரச் சூப்பும் சோறும் வைத்தார்கள். பியோ பசியோடு சாப்பிட்டான். கைப்பேசியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். இன்ஜா எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் ஹேசூ நின்றாள்.

"அண்ணி, அண்ணனுக்கு நான் ஏதாவது செய்யணும்," என்றான் பியோ. "கர்னல்ல நன்றிப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. போய்ச் சேர்ந்தவங்க பேர அதுல போடுறது எங்க வழக்கம். நாளைக்கே நான் ஒரு பேட்ச் அனுப்பறேன். ஹேசூவும் சம்மதம்னு ஒரு வரி போட்டா நல்லாருக்கும்."

"என்னன்னு போடுவீங்க?" என்று கேட்டாள் இன்ஜா.

"மோ ஜின்டே. கோப்புப் பாதுகாப்புப் பகுதியில..." அவன் ஒரு துண்டு முள்ளங்கியைக் கடித்தான். "உதவினார்னு."

கூட வந்தவர்களில் ஒருவன், "ஆமா ஆமா, ரொம்ப உதவியா இருந்தவரு," என்று தலையாட்டினான்.

இன்ஜா பியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் முழுக்க விடியும்வரை சமையலறை மேசையில் தட்டிக்கொண்டிருந்த மனிதரின் முதுகை அவளுக்குத் தெரியும். எத்தனை முறை ஆறிப்போன சோற்றைத் திரும்பச் சூடுபண்ணினாள் என்பதும் தெரியும். கர்னல் என்றால் என்னவென்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. உதவினார் என்றால் என்னவென்று தெரியும்.

"ஹேசூ," என்றாள், திரும்பாமலே. "உன் லேப்டாப் உள்ள சார்ஜ்ல கெடக்கு."

ஹேசூ போய் எடுத்துவந்தாள். படத்துக்குக் கீழே, ஊதுபத்திப் புகையில் கால் மடக்கி உட்கார்ந்தாள். எல்லாம் தயாராகத்தான் இருந்தது. தலையில் எழுதியவர்: மோ ஜின்டே. அடியில் சோதித்த விதம், யார் செய்தாலும் கோப்பு காணாமல் போகும் வகையில். அண்ணனின் கையொப்பம், அதற்குக் கீழே அவளுடையது. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் குழு கண்டிப்பாகக் கேட்கும் ஒரு வரி: இந்தப் பிழை எந்தப் பழைய பேட்ச்சின் வழியாக உள்ளே நுழைந்தது. அந்தப் பழைய பேட்ச்சின் தலையில் அன்று முதல் இன்றுவரை ஒரே பெயர்தான் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட பெயர். பிழையும் அதோடுதான் வரும். பெறுநர் வரிசையில் பொது அஞ்சல் குழு, கர்னலில் பியோவுக்கு மேலே பொறுப்பில் இருக்கும் பெரியவர், கடைசியில் பியோ. பிழையை நுழைத்தவருக்கு ஒரு நகல் போக வேண்டும் என்பது விதி. விதியை மீற அவளுக்கு விருப்பமில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

பியோ சூப்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது கிண்ணத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்தான். கால் மணி நேரம் கழித்தும் அவன் அதையே படித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதிர்ந்தது. பெரியவர் அதற்குள் சோதித்துப் பார்த்துப் பதில் போட்டிருந்தார். 'இங்கேயும் கோப்பு போய்விட்டது. பேட்ச்சை நானே எடுத்துக்கொள்கிறேன். இதை ஏன் இத்தனை நாள் மறுத்தீர்கள்?'

"செத்தவர் பேர்ல அனுப்பறது முறையா ஹேசூ?" என்று கேட்டான் பியோ.

"உயிரோட இருக்கறப்பவே கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் சும்மா உதவினேன்."

தலையாட்டியவன் தன் கைப்பேசியை எடுத்து, படித்து, பியோவிடமிருந்து மெல்ல நகர்ந்து உட்கார்ந்தான்.

"சூப்பு ஆறிடுச்சே," என்றாள் இன்ஜா. "சூடா வேற ஊத்தச் சொல்லவா?"

அவன் எழுந்தான். காலணியை மாட்ட வெகுநேரம் பிடித்தது. குதிகாலை உள்ளே திணிக்கும்போது அவன் கைப்பேசி திரும்பத் திரும்ப அதிர்ந்துகொண்டிருந்தது. ஹேசூ வழக்கப்படி வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பினாள். மின்தூக்கியின் கதவு மூடியது.

அடுத்து துக்கம் கேட்க வந்தவர்கள், கர்னல் குழுவின் ஆட்கள்தான், அந்த அஞ்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே படியில் இறங்கி வருவது கேட்டது. அவள் சுவரோரம் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மலர்வளையத்தை வாசலைப் பார்க்கத் திருப்பினாள். மடங்கிக் கிடந்த நாடாவைப் பெயர் தெரியும்படி நீவிவிட்டு உள்ளே போனாள்.