பெரிய தையல்

தையல் சாமான் கடைக்காரருக்கு அவள் மேல் சந்தேகமே வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு ரிப்பர் வாங்குகிற தையல்காரி மூன்று மாதத்தில் மூன்றாவது ரிப்பருக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் வராது?

"ஏம்மா, தையலைப் பிரிக்கிறீங்களா, இல்ல அதை வச்சு மரம் அறுக்கிறீங்களா?"

"உங்க சரக்கு லட்சணம் அப்படி" என்று அவர் வாயை அடைத்தாள். சரக்கில் குற்றமில்லை என்பது அவளுக்கே தெரியும்.

தையல் பிரிக்கிற அந்தக் குட்டிக் கத்தி விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கைப்பிடி கொஞ்சம் கனமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் மரத்துப்போகும். நீள முனை ஊசியாக இருக்கவேண்டும். குட்டை முனையில் உள்ள சிவப்புக் குண்டு ஆடக்கூடாது, துணியைக் கிழிக்காமல் காப்பது அதுதான். இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள பிளவில்தான் கூர். கையோடு கொண்டுவந்த நூலை அதில் விட்டாள். தொட்டதும் அறுந்தால் எடுத்துக்கொள்ளலாம், இழுத்தால்தான் அறுகிறது என்றால் திருப்பிப் போட்டுவிடலாம். பதினோராவதைத்தான் எடுத்தாள்.

வாங்கியதைச் சும்மா போட்டுவைக்கிறவளும் இல்லை. வேலை முடிந்ததும் பிளவில் அடைத்த பஞ்சை ஊசியால் நோண்டி எடுத்து, மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, மூடி போட்டுத்தான் வைப்பாள். இவ்வளவு பார்த்தும் கூர் மழுங்குவதற்குக் காரணம் ஒரே ஒரு பேண்ட்.

அது அவள் வீட்டுக்காரருடையது. எட்டு மாடி ஆபீஸ் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறார். சீருடைத் துணி தார்ப்பாய் போல முரடு, இடுப்புப் பட்டியில் மட்டும் ஐந்து மடிப்பு. பங்குனி வெயிலில் வைத்த வெண்ணெய் போல மனுஷன் இளைத்துக்கொண்டே போனார். வயிற்றில் கோளாறு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றாரே தவிர, எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார். இடுப்பில் மூட்டை கட்டியது போல் துணி சுருங்கி நின்றது. மேனேஜர் கண்ணில் பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். லிஃப்டில் நாலு பேருக்கு வணக்கம் சொல்வதுதான் அவரை நடமாட வைத்திருந்தது. அதுவும் போனால் படுத்துவிடுவார் என்று அவள் பயந்தாள்.

அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை பின்தையலைப் பிரித்து, இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்கிக் கொடுத்தாள்.

"உன் தொழில்ல மொத்தமே ரெண்டு வார்த்தைதான். பிரிக்கிறது, பிடிக்கிறது" என்பார் அவர், டேப்புக்கு இடுப்பைக் காட்டிக்கொண்டு.

"பேசாம நில்லுங்க. மூச்சை வேற எக்காதீங்க."

"எக்கலடீ. இருக்கிறதே அவ்வளவுதான்."

அவள் சிரித்துவைத்தாள். அளவை நோட்டில் எழுதவில்லை.

புது ரிப்பர் வாங்கிய அன்றைக்கு ஒன்பதாவது தடவை. குண்டை மடிப்புக்குள் விட்டுத் தள்ளினாள். தையல் வெண்ணெயாக விட்டுக்கொடுத்தது. மறுபடி பிடித்துத் தைக்கும்போதுதான் அவளுக்குப் புத்தி அப்படிப் போயிற்று. இவ்வளவு பொடியாகத் தைத்தால், உடம்பு தேறி சதை போடும்போது பிரிப்பதற்குள் உயிர் போய்விடுமே! மிஷின் குமிழைத் திருகித் தையலைப் பெரிதாக்கினாள். ஊரார் துணிக்கு அப்படித் தைத்திருந்தால் அவளே அவளைத் திட்டியிருப்பாள். ஆனால் ஒவ்வொரு பெரிய தையலும் விழும்போது மனசுக்கு இதமாக இருந்தது. உள்ளே மிச்சமிருந்த துணியையும் வெட்டாமல் மடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானமே அவர் வந்துவிட்டார். இடுப்பைச் சுற்றி யாருடைய ஸ்வெட்டரோ கட்டியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒரு அம்மா ஃபைலைக் கீழ போட்டுட்டாங்க. எடுத்துக் குடுக்கலாம்னு குனிஞ்சேன்." நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "பட்டியிலிருந்து அடிவரைக்கும் விட்டுடுச்சு. லிஃப்ட்ல ஏழு பேர். யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்வெட்டர் மேனேஜருடையதுதான். ரொம்ப மரியாதையாகப் பேசி, வீட்டிலேயே ஓய்வாக இருங்கள், தேறியதும் சொல்லியனுப்புங்கள் என்றிருக்கிறார். சண்டை போடக்கூட இடம் வைக்கவில்லை அந்த மனுஷர்.

"நான்தான் கெடுத்தேன். பெரிய தையலாப் போட்டுட்டேன். உங்களுக்கு உடம்பு தேறுனதும் பிரிக்கச் சுலபமா இருக்கட்டும்னு..."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவர் எழுந்து, உள்ளே போய் லுங்கிக்கு மாறி, பேண்டைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார்.

"தைச்சு வை."

"இப்ப எதுக்குங்க? ஆபீஸ்தான்..."

"தைச்சு வையேன். உள்ள மடிச்சு விட்ட துணி குத்துது. அதையும் வெட்டிடு. பொடித் தையலாவே போடு. இனிமே இதைப் பிரிக்க வேண்டியிருக்காது."

"வாயைக் கழுவுங்க! ஏன் பிரிக்க வேண்டியிருக்காது? சதை போட்டா நான்தானே பிரிக்கணும்? வேற எவ வந்து பிரிப்பா?" அவள் கத்திய கத்தலில் அவர் திகைத்துப்போனார்.

"சரி, சரி. பிரி" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கப் போனார்.

அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்டாள். கத்தரியைத் துணியருகே கொண்டுபோனாள், வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள். துணி குத்துகிறது என்றாரே. எலும்பில் குத்தும்.

வெட்டினாள். குமிழைப் பொடித் தையலுக்குத் திருகி, ஒன்றுக்கு இரண்டு வரியாக ஓட்டினாள்.