அன்னக்கொடி உருவிய நூல்

1972 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிம்மக்கல் சாயப்பட்டறையில் சோறு தின்றுகொண்டிருந்த ஆறு வயதுச் சோலை, தட்டோடு கூரையை நோக்கி எழும்பினாள். அவள் அம்மா அன்னக்கொடி எட்டிக் காலைப் பிடித்ததால் பிள்ளை மிஞ்சினாள். அவளுக்கு முன்னால் போன கோழியைப் பிடிக்க ஆளில்லை, கண்ணுகளா.

பட்டறை மேஸ்திரி ஆசீர்வாதத்தின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் ஜப்பானிலிருந்து ஒரு அச்சுத்தாள் கொண்டுவந்திருந்தார். காய்ச்சாறு ஏற்றிப் புகைபோட்ட பழுப்புத் தாள். அதில் அலைகளும் அலைமேல் பறவைகளும் வெட்டப்பட்டிருந்தன. துணிமேல் விரித்து அரிசிப்பசையை வழித்தால் வெட்டிய இடத்தில் பசை இறங்கும். சாயம் போட்டபின் அந்த இடம் மட்டும் வெள்ளையாய் நிற்கும். சுற்றிலும் வெட்டுப்பட்ட பறவைகள் உதிராமலிருக்கத் தாள் முழுக்க மயிரிழைப் பட்டுநூல் ஓடியது. முடிச்சுப் போட்ட சேலைகளைச் சாயத்துக்குக் கொடுக்க வந்த அன்னக்கொடியோ சுங்குடிக்காரி. துணியில் நூலால் முடிச்சுப் போட்டு, சாயம் காய்ந்ததும் அந்த நூலை உருவியே வளர்ந்தவள். தாளில் நூலைக் கண்டதும் விரல்கள் தாமாக உருவின. முதல் பறவை உதிர்ந்தபோது எதிர்வீட்டு இருளாயியின் கோழி கோபுரங்களைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதற்கு அம்மிக்குழவி. மூன்றாவதற்குச் சோலை.

“அக்கா, தாளத் தொடாத! அந்த நூலுதான் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கு!” என்று கத்தினார் ஆசீர்வாதம்.

“நூலக் கண்டா உருவத்தான தம்பி இந்தக் கைக்குத் தெரியும்!”

“முட்டையிடுற கோழிடி அது, பாவி!” என்று வந்த இருளாயி, அண்ணாந்து சோலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது பறவை சாயத்தொட்டியில் விழுந்திருந்தது. திரும்பத் தாளில் ஒட்டினால் பிள்ளை இறங்குவாளென்று தொட்டியைக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை. எனவே ஒன்பது இழை நூலை முறுக்கிப் பிள்ளையின் கொலுசில் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் மறுமுனையைப் பெஞ்சுக்காலில் கட்டி, வாத்தியார் முடிச்சைப் பார்த்த பிறகே பேர் கூப்பிட்டார். காற்றைவிட அன்னக்கொடி தன் விரல்களுக்குத்தான் பயந்தாள். இரண்டு முறை, பேச்சுக்கு நடுவே குனிந்து பார்த்தபோது, முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.

1987இல் கீழக்குயில்குடி நல்லகாமனுக்குச் சோலையைப் பெண் கேட்டு வந்தார்கள்.

“நூலு எம்புட்டு விடணும்?” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

“ஆறு முழம். ஆடியில ரெட்டை முடிச்சு.”

“சரித்தா, தட்ட மாத்துவோம்.”

மாதம் ஒருமுறை அன்னக்கொடி மகளைப் பார்க்கப் போவாள். பஸ் ஏறுமுன் இருளாயி அவளுடைய இரண்டு கைகளையும் முந்தானையால் இறுகக் கட்டிவிடுவாள். கண்டக்டர் அவள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து தாமே சில்லறை எடுத்துக்கொள்வார். அங்கே போய் உட்கார்ந்ததும் சோலை மேலிருந்து குனிந்து, அம்மாவுக்குச் சோறு ஊட்டுவாள்.