கடைசி வரிசை

ஐஸ் பெட்டியின் பிளக்கை வெற்றிச்செல்வன் செருகிய அதே நொடியில் சட்டைப் பையில் போன் அலறியது.

'காலாப்பட்டு ஆதிமூலம் சார்' என்றது திரை.

கண்ணாடி மூடிக்குள் அண்ணன் ராஜவேல் படுத்திருந்தார். நேற்றுக் காலை பதினொன்று வரை நடந்து திரிந்த மனிதர். ஆஸ்பத்திரிக் கையெழுத்துகளெல்லாம் முடிந்து இப்போதுதான் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்திருந்தார். துபாயில் இருக்கும் மகள் சுமலதா பதினோரு மணிக்குச் சென்னையில் இறங்குகிறாள். அவள் வந்ததும், நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

வெற்றி வாசலுக்கு வந்து போனைக் காதில் வைத்தான்.

"தப்பா எடுத்துக்காத வெற்றி. இந்த நேரத்துல பேசக் கூடாதுதான்" என்றார் ஆதிமூலம். குரல் கம்மியிருந்தது. "தளத்த ஒடச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்பா. பன்னண்டு மணிக்கு மிஷின் வருது. இன்னும் முழுசா இறுகல, இன்னிக்குன்னா சீக்கிரம் பேந்துடுமாம். உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம செய்ய மனசு வரல."

"ஏன் சார்?"

போன் கை மாறியது. இப்போது அவர் மனைவி சுலோசனா.

"வியாழக்கெழம கிரகப்பிரவேசம் தம்பி. இன்னும் பால் காய்ச்சாத வீட்டுல ஒரு உயிர் போயிருக்கு. அது மேல கால் வெச்சு நான் எப்படி உள்ள போறது? பாக்கவும் நல்லா இல்ல. காப்பித்தூள கொட்டி வெச்ச மாதிரி இருக்கு. புது பெயின்ட் சுவத்துல வேற கை கையா அப்பி வெச்சிருக்கீங்க. எனக்கு வேணாம்."

லைன் போய்விட்டது.

மணி பத்து ஐம்பது.

யாருக்கும் தெரியாத ஒன்று வெற்றிக்குள் நேற்றிலிருந்து கிடந்தது.

ஆதிமூலத்தின் புது வீட்டில் அண்ணனும் அவனும் நேற்றுப் போட்ட தளம் அது. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை அறுநூறு சதுர அடி. கான்கிரீட் ஊற்றி, செங்கல் நிறப் பொடி தூவித் தேய்த்து, அச்சுப் பாய் ஒட்டாமல் இருக்க அதன் மேல் காப்பித்தூள் நிறப் பொடி தூவி, ரப்பர் பாயை வைத்து அடித்து அடித்து, கல் பதித்த தெருவைப் போலக் கொண்டுவர வேண்டும். பாரீஸில் இருக்கும் ஆதிமூலத்தின் மகன் போட்டோ அனுப்பியிருந்தான்: விசிறி விசிறியாகக் கல் பதித்த தெரு. கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. இறுகுவதற்குள் அடித்து முடிக்காவிட்டால் மொத்தமும் வீண்.

கேட்டில் தொடங்கி, போர்ட்டிகோ படியை நெருங்கியிருந்தார்கள். மீதி ஒரே வரிசை. அப்போதுதான் ராஜவேல் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"கரிக்குதுடா. சோடா ஒண்ணு குடிச்சா சரியாப் பூடும். நீ கடைசி வரிசைய முடி. நிறுத்திடாத."

வெற்றி நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஏழு நிமிடம் அடித்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணனைக் காணோம். கேட்டுக்கு வெளியே, மணல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது.

அந்த ஏழு நிமிடம். அதைக் கொடுத்து வாங்கிய தளத்தைத்தான் பன்னிரண்டு மணிக்கு உடைக்கப் போகிறார்கள்.

"யாரு தம்பி போன்ல?"

பின்னால் அண்ணி மாலா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் நேராக வந்தது. அவன் சொன்னான். ஏழு நிமிடத்தை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னான்.

மாலா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "பொடிய கழுவலையா இன்னும்?" என்றாள்.

"எங்க அண்ணி கழுவறது? மறுநாள்தான கழுவணும். அதுக்குள்ளதான்..."

"கழுவாத தளத்த அவரு யாருக்காவது காட்டியிருக்காரா?"

காட்டியதே இல்லை. சாக்குப் படுதா போட்டு மூடிவிட்டுத்தான் வருவார். மறுநாள் வீட்டுக்காரர் தூங்கி எழுவதற்குள் கழுவி முடித்திருப்பார். 'பாதி மேக்கப்புல பொண்ணக் காட்டுவாங்களாடா?' என்பார்.

மாலா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அண்ணனின் தேங்காய்நார் பிரஷ்.

"போ. நாலு மணிக்குள்ள வந்துடு."

"பங்காளி நான். பொணம் கெடக்கும்போது..."

"கேக்கறவங்களுக்கு மாலை வாங்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். போ தம்பி."

ராஜீவ் சிலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. வெற்றிக்கு நூற்று இருபது நொடி நூற்று இருபது வருடமாகக் கழிந்தது. கோட்டக்குப்பம் நெரிசலைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறியதும் பைக்கின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

வழியெல்லாம் அண்ணன்தான். மில்லில் இருபத்தோரு வருடம் தறி ஓட்டியவர். வலது ஆள்காட்டி விரலில் பாதியைத் தறி வாங்கிக்கொண்டது. மில் மூடியதும் முப்பத்தெட்டு வயதில், பெயின்ட் கடை வாசலில் யாரோ செய்து காட்டிய அச்சுத் தளத்தை இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து, "இதுவும் நெசவுதாண்டா" என்றார். "மில்லுல ஒரே டிசைன் ஆயிரம் மீட்டருக்கு மாறாம வரணும். இங்க ஒரே கல்லு பக்கத்துல பக்கத்துல வந்துடக் கூடாது. அவ்ளோதான் வித்தியாசம்." நாலு அச்சுப் பாய்களை மாற்றி மாற்றித் திருப்பி வைப்பார். எங்கே சேர்கிறது என்று அவரே தேடினாலும் கிடைக்காது. முடிந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்திக்கொள்வார். தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடி வெளியேறினால்தான் எழுந்திருப்பார்.

பதினொன்று நாற்பது. காலாப்பட்டு வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றது. அதிலிருந்து பிரேக்கர் மிஷினை இறக்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். அம்மாவாசை. பழகிய முகம்.

"அட வெற்றி! அண்ணன் சேதி கேட்டேன். நீ இன்னா இங்க?"

வெற்றி கேட்டை நோக்கிப் போனான். உள்ளிருந்து சுலோசனாவின் குரல் வெட்டியது.

"அங்கயே நில்லு தம்பி! தீட்டோட உள்ள வராத."

வெற்றி வாசலில் நின்றான். மணல் குவியலின் ஓரம். உள்ளே தளம் பழுப்புப் புழுதி மூடிக் கிடந்தது. அந்தம்மா சொன்னது சரி. பார்க்கச் சகிக்கவில்லை.

ஆதிமூலம் தளத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார். ஓய்வு பெற்ற மனிதர். நேற்று முன்தினம் வரை ராஜவேலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். இன்று அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சார், ஒரே ஒரு தடவ கழுவிப் பாருங்க. அப்பறம் ஒடைங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"நீதான் உள்ள வர முடியாதேப்பா."

வெற்றி பிரஷ்ஷை கேட்டுக்கு மேலே நீட்டினான்.

"நீங்க கழுவுங்க சார்."

ஆதிமூலம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். போர்ட்டிகோவில் நின்றிருந்த சுலோசனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மாவாசை வண்டியில் சாய்ந்துகொண்டான். "ஒடைக்கக் கூப்ட்டு ஒட்டட அடிக்கறத பாக்க வெச்சிட்டாங்களே" என்றான் யாரிடமோ.

"பைப்ப நேரா அடிக்காதீங்க சார். கட்டவெரல வெச்சு விசிறி விடுங்க... அங்க பிரஷ். அழுத்த வேணாம், தடவுங்க. கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தற மாதிரி" என்றான் வெற்றி வெளியே நின்றபடி.

பழுப்புத் தண்ணீர் ஓடியது. முதல் முழத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது முழத்தில் ஒரு கல் வெளியே வந்தது.

செங்கல் சிவப்பு. அதன் ஓரத்தில் ஒரு மங்கல் மஞ்சள். பொடி, பள்ளங்களில் மட்டும் தங்கி, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல் கொடுத்தது. பக்கத்துக் கல் வேறு மாதிரி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விசிறிக்குள் விசிறி விரிந்துகொண்டே போனது. நூறு வருடம் வண்டிச் சக்கரம் ஓடித் தேய்ந்த தெரு ஒன்று பழுப்புத் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது.

ஆதிமூலம் மூச்சு வாங்கினார். நிறுத்தவில்லை. இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அம்மாவாசை சாய்வதை விட்டு நிமிர்ந்திருந்தான். "பத்து வருசமா ஒடைக்கிறேன் சார். எது ஆள் வேல, எது ஏமாத்து வேலைன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மிஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். "இதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

சுலோசனா படியிறங்கினாள்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு. அழகு வேற, சாஸ்திரம் வேற. எந்த எடத்துல தம்பி அவரு உயிரு போச்சு? படிகிட்டயா?"

"உள்ள இல்லம்மா." வெற்றி காலடியைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. "இங்க. நான் நிக்கிற எடத்துல."

"வெளியவா? எதிர்வீட்டுக்காரங்க உள்ளன்னாங்களே?"

"உள்ளதான் வேல பாத்துக்கிட்டிருந்தாரு. சோடா வாங்க வெளிய வந்தாரு."

"சோடா கடையா? இங்க ஏது கடை? மெயின் ரோட்டுக்குப் போவணும்."

வெற்றி தெருவின் இரு பக்கமும் பார்த்தான். கடை எதுவும் இல்லை.

சுலோசனாவின் பார்வை காம்பவுண்டு சுவருக்குப் போனது. தளத்துக்கும் சுவருக்கும் நடுவே செடி வைக்க விட்டிருந்த ஒரு அடி மண். அதற்கு மேலே வெள்ளைச் சுவரில் கைத் தடங்கள். காப்பித்தூள் நிறத்தில். முதல் தடம் படிக்கட்டுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், ஐந்து விரலும் தெளிவாக. அடுத்தது இரண்டடி தள்ளி. அதற்கடுத்தது கொஞ்சம் தாழ்ந்து. போகப் போக நெருங்கி, தாழ்ந்து, கேட் தூணில் இடுப்பு உயரத்தில் இழுபட்டு, தூணைச் சுற்றி வெளிப்பக்கம் வந்து, வெற்றியின் முழங்காலுக்கு நேராக முடிந்தது.

ஒவ்வொரு தடத்திலும் ஆள்காட்டி விரல் பாதிதான்.

"நான் நிக்கிற இந்தப் படிகிட்டதான் நெழலு. கொழாயும் இங்கதான் இருக்கு. நாற்காலியும் போட்டிருந்துச்சு" என்றாள் சுலோசனா மெல்ல. "வலி வந்தவரு இத்தன தூரம் எதுக்கு வெயில்ல போனாரு?"

ஆதிமூலத்தின் கையில் பைப் ஓடிக்கொண்டே இருந்தது.

"கிரகப்பிரவேசம் வியாழக்கெழமன்னு அண்ணனுக்குத் தெரியும்மா" என்றான் வெற்றி.

சோடாவால் தீருகிற வலி இல்லை என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் 'நிறுத்திடாத' என்றிருக்கிறார்.

சுலோசனா அந்தத் தூணைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு புருஷனிடம் திரும்பி, பழையபடி அதட்டலாகவே சொன்னாள்:

"சுவத்துல தண்ணி படாம புடிங்க."

வெற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தான். மனசு கேட்காமல் கத்தினான்.

"சார்! அந்தக் கடைசி வரிசை... படிக்குப் பக்கத்துல... எங்க சேருதுன்னு தெரியுதா?"

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"தேடறேம்பா. தெரியல."

மூன்றரைக்கு நெல்லித்தோப்பில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. சுமலதா வந்திருந்தாள். வீட்டு முன்னால் ராஜவேலே போட்ட சின்னத் தளத்தில் பெஞ்சு போட்டு, அவரைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மாலாவின் அண்ணன் சாமிக்கண்ணு, அவர் வலது உள்ளங்கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சாயமோ, போவ மாட்டேங்குது. ரேகைக்குள்ள பூந்துகிச்சி."

"விடுண்ணே. இருக்கட்டும்" என்றாள் மாலா.

வெற்றி கூட்டத்தை விலக்கி வந்து சொம்பை வாங்கினான். அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். உடைத்தார்களா என்று கேட்கவில்லை.

"கடைசி வரிசைய நீதான போட்ட?"

அவன் சொம்பில் தண்ணீர் மொண்டான்.

"ம்."

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு அண்ணி."

அவள் தலையசைத்தாள். சற்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

வெற்றி அண்ணனின் நெஞ்சில் தண்ணீரை ஊற்றினான். அது தோளில் வழிந்து, பெஞ்சிலிருந்து சொட்டி, தளத்தில் விழுந்து, அழுதுகொண்டு நின்றவர்களின் கால்களுக்கு இடையே வளைந்து, தெருச் சாக்கடையை நோக்கி ஓடியது. அவன் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தான். கடைசிச் சொட்டு வெளியேறும் வரை பார்த்தான்.

எங்கும் தேங்கவில்லை.