ஐந்தாம் எண்

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் செல்லோக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசிக்க வருவது ஆணா பெண்ணா என்று செருப்புச் சத்தத்தை வைத்துக்கூடக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். அதற்காக வாசலிலிருந்து கம்பளம் விரித்து, பெயருக்குப் பதில் ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். நடுவர்கள் ஐந்து பேர். இசைக்குழுவில் செல்லோ என்கிற, முழங்காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலினுக்குக் காலியாக இருந்ததோ ஒரே ஓர் இடம், அதுவும் இவருக்குப் பக்கத்து நாற்காலி. அதற்கு வந்திருந்தவர்களில் இவர் மனைவியும் ஒருத்தி. முறைப்படி பார்த்தால் இவர் நடுவராக உட்காரக் கூடாதுதான். "திரை இருக்கும்போது சொந்தமென்ன, பந்தமென்ன? ஆளும் பத்தலை, உட்காருங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவரும் மறுக்கவில்லை. மனைவிக்கு வயது வரம்பு முடியப்போகிறது. இந்த முறை விட்டால் இனி கதவே இல்லை. கையில் ஓர் ஓட்டு இருக்கும்போது எந்தப் புருஷன் எழுந்து போவான்?

ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே குழுவில், ஒரே தாளைப் பார்த்து வாசித்தவர்கள்தான். மகள் பிறந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமென்று பேச்சு வந்தது. பேச்சென்ன பேச்சு, அவள் இருந்தாள், இவர் மேலே வந்தார். கச்சேரி நாளில் மதியம் இவர் தூங்கியாக வேண்டும். அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்லோவின் சத்தத்தை அடக்குகிற ரப்பர் கட்டையைத் தந்திகளைத் தாங்கும் பாலத்தில் மாட்டிவிட்டுத்தான் பயிற்சி செய்வாள். போர்வைக்குள் பேசுகிற மாதிரி வரும் அந்தச் சத்தத்தில் இவருக்குச் சொக்கிக்கொண்டு தூக்கம் வரும். வருஷக்கணக்காகக் கேட்ட வாசிப்பு. திரை என்ன, மதிலே கட்டினாலும் தெரிந்துவிடும் என்று இவர் நம்பினார்.

இரண்டாம் எண் வாசித்தபோது தெரிந்தும்விட்டது. மெத்தென்று, கூச்சத்தோடு, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல ஒரு வாசிப்பு. அவளேதான்.

அப்புறம் ஐந்தாம் எண் வந்தது. வில் தந்தியில் பட்டதுதான் தாமதம், அறையே நிறைந்துபோனது. அப்படியொரு திறந்த ஒலி. எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். பாவி, எங்கிருந்து வந்து தொலைந்தது இது, என் பெண்டாட்டி வாயில் மண்ணைப் போட?

கை தூக்கச் சொன்னபோது இரண்டாம் எண்ணுக்கு ஒருவர், ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு பேர். கையில் சின்னக் கம்பை ஆட்டிக் குழுவை நடத்துபவருக்குக் கம்புக்காரர் என்று பட்டப்பெயர். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஐந்து கத்துறாங்க சார்," என்றார் செல்லோக்காரர். "தனியா வாசிக்க நல்லாத்தான் இருக்கும். பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கப்போறது நான்தானே? என்னையே அமுக்கிடுவாங்க."

"பக்கத்துல உட்காரப்போறவர் சொன்னா சரிதான்," என்று கம்புக்காரர் இரண்டுக்குக் கை தூக்கினார். செல்லோக்காரரும் தூக்கினார். இரண்டாம் எண்ணுக்கு மூன்று ஓட்டு, ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு.

திரையை விலக்கிப் பெயரைக் கூப்பிட்டதும் ஓடி வந்தது, மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்த ஒரு பெண். அழுதுகொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தாள். இவருக்கும் கொடுத்தாள். இவர் அவளைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தார். பெஞ்சில் அவர் மனைவி, சட்டையில் குத்தியிருந்த ஐந்தாம் எண் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

காரில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஒரு ஓட்டுலதான் போச்சாமே. மேனேஜர் சொன்னாரு."

"ம்."

"யாரோ ஒருத்தர் 'கத்துறாங்க'ன்னு சொன்னாராம்." கொஞ்சம் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வாய்விட்டு வாசிச்சேங்க. திரைக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம். நான்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரியாம இருக்குமா," என்றார். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அது போதும் எனக்கு. அந்த ஆளு யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

அவர் இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் வாயைத் திறந்தார். சொன்னால் என்னவென்று சொல்வது? வேண்டுமென்றே தோற்கடித்தேன் என்றால்கூட அவள் ஒருவேளை பொறுத்துக்கொள்வாள். உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் லிஃப்ட் ஓடவில்லை. அவர் அவளுடைய செல்லோப் பெட்டியைத் தோளில் மாட்டப் போனார். அவள் விடவில்லை.

"நாளைக்குக் கச்சேரி இருக்கு, தோள் பிடிச்சுக்கும். ஆளுக்கொரு பக்கம் தூக்கலாம்."

கனத்த அடிப்பக்கம் அவர் கையில். கழுத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி அவள் பின்புறமாகவே ஏறினாள். மாடி விளக்கு எரியவில்லை, கீழே இருந்து வந்த வெளிச்சம்தான். திரும்பிப் பார்க்க வசதியில்லாத இடத்தில் நின்றாள்.

"இன்னும் படி இருக்குதாங்க?"

"இருக்கு," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.